ஜெர்மனியில் குறைந்த செலவில் ஒரு வங்கிக் கணக்கு: மூன்றாண்டு அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

ஜெர்மனியில் சம்பளம் வந்து சேரவும், வாடகை போகவும், மின்கட்டணம் பிடிக்கப்படவும் பயன்படுகிற அன்றாடக் கணக்குக்கு ‘ஷீரோகோன்டோ’ என்று பெயர். நம்மவர்கள் பலர் அதை ‘ஜீரோ கோன்டோ’ என்றே சொல்கிறோம். ஊரில் ‘ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது வேறு எப்படி விழும்? உண்மையில் அந்தச் சொல் ‘சுற்று’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பணம் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குச் சுற்றி வருவதை அது குறிக்கிறது. சுழியத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்பது, முதல் காலாண்டுக் கட்டணம் என் கணக்கிலிருந்து கழிக்கப்பட்ட அன்று எனக்கு உறைத்தது.

2022 அக்டோபரில் முதுகலைப் படிப்புக்காக டார்ட்மண்ட் நகருக்கு வந்தேன். அப்போது எனக்கு வயது 29. வயதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள வங்கிகள் மாணவருக்கும் இளைஞருக்கும் தருகிற இலவசக் கணக்குகளில் பலவற்றுக்கு 28ஆவது பிறந்தநாளோடு கதவு மூடிவிடுகிறது. சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள் கையில் மாணவர் அட்டை இருந்தாலும் வங்கியின் கண்ணில் வெறும் வாடிக்கையாளர்களே. அன்றிலிருந்து இன்றுவரை மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருந்திருக்கிறேன். நண்பர்களுக்காக வேறு சில வங்கிகளின் படிவங்களையும் நிரப்பியிருக்கிறேன். அவற்றில் எது யாருக்கு மலிவு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பார்க்க வேண்டும். ஐ.என்.ஜி., டி.கே.பி. ஆகிய இரண்டு பெரிய இணைய வங்கிகளின் விலைப்பட்டியலை 2024இல் நான் ஒப்பிட்டபோது, இரண்டிலும் மாதம் 700 யூரோ கணக்குக்குள் வந்தால்தான் கட்டணம் இல்லை என்று இருந்தது. வராத மாதத்துக்கு முதல் வங்கியில் 4.90 யூரோ, இரண்டாவதில் 4.50 யூரோ. 28 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த நிபந்தனை இரண்டிலும் இல்லை. கிளைகள் உள்ள பழைய வங்கிகளில் நிலைமை வேறு. எடுத்துக்காட்டாக, டாய்ச்ச பாங்க்கின் எளிய கணக்குக்கு அப்போது மாதம் 6.90 யூரோ. இந்த எண்களும் வரம்புகளும் அடிக்கடி மாறுகின்றன என்பதால் மனப்பாடம் செய்துகொள்வதில் பயனில்லை. ஒவ்வொரு வங்கியும் ‘என்ட்கெல்ட்இன்ஃபர்மாட்ஸியோன்’ என்ற ஒரே வடிவிலான கட்டணத் தாளைத் தர வேண்டும் என்பது 2018 அக்டோபர் 31 முதல் சட்டம். விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு அந்தத் தாளை மட்டும் திறந்து, மாதக் கட்டணம், அட்டைக் கட்டணம், பணம் எடுக்கும் கட்டணம், தாளில் எழுதிக் கொடுக்கும் பணமாற்றத்துக்கான கட்டணம் ஆகிய நான்கு வரிகளைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் 2025 தொடக்கத்திலிருந்து கணக்குகளை ஒப்பிடும் பக்கம் ஒன்றைத் தானே நடத்துகிறது. தரகுக்காக வரிசையை மாற்றிப் போடும் தனியார் தளங்களைவிட அதை நம்பலாம்.

ஆனால் வெளிநாட்டவருக்கு விலை இரண்டாவது கேள்விதான். இன்று கையில் இருக்கும் ஆவணங்களோடு எந்த வங்கி கதவைத் திறக்கும் என்பதே முதல் கேள்வி. வீடு எடுக்க வேண்டுமானால் வீட்டுக்காரர் முன்பணம் கேட்கிறார். சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், அதைப் பெரும்பாலும் வங்கி வழியாகத்தான் வாங்குவார். வங்கியோ முகவரியைக் கேட்கிறது. முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய, வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட உறுதிச்சான்று வேண்டும். ‘ஆன்மெல்டுங்’ என்னும் இந்தப் பதிவைக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெரிய நகரங்களில் அதற்கான முன்பதிவு நேரம் அந்த இரண்டு வாரத்துக்குள் கிடைப்பது அரிது. பதினொரு இலக்க வரி எண் அதற்கும் பிறகு தபாலில் வரும். வரிக்குரிய நாடு எது என்று கணக்கு திறக்கும்போதே வங்கி கேட்பதால், அதுவரை ஊரின் பான் எண்ணைக் கொடுத்துவிட்டு, புதிய எண் வந்ததும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் நமக்கென்றே வாய்த்த சிக்கல் ஒன்று உண்டு. என் கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ‘கொடுக்கப்பட்ட பெயர்’ என்ற வரியில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலருக்கும் இதே நிலைதான். ஜெர்மன் படிவத்தில் குடும்பப்பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது. நகர அலுவலகம் என் பெயரை ஒருவிதமாகப் பிரித்து எழுதியது, பல்கலைக்கழகம் வேறுவிதமாக எழுதியது, முதல் வங்கி அப்பாவின் பெயரை என் பெயராக்கிக் கடிதம் அனுப்பியது. (அந்தக் கடிதத்தைக் கைப்பேசியில் பார்த்த அப்பா, தமக்கு ஜெர்மனியில் கணக்கு இருப்பதை எண்ணி ஒரு வாரம் மகிழ்ந்திருந்தார்.) முன்பு இதை வேடிக்கையாக விட்டுவிடலாம், இப்போது முடியாது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளில் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயரும் ‘ஐபான்’ என்னும் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண்ணும் பொருந்துகின்றனவா என்று வங்கி சரிபார்த்துச் சொல்ல வேண்டும். பெயரின் வரிசை மாறினால் அனுப்புகிறவருக்கு ‘ஓரளவு பொருந்துகிறது’ என்றோ ‘பொருந்தவில்லை’ என்றோ எச்சரிக்கை வரும், சம்பளப் பிரிவில் இருப்பவர் உடனே நம்மை அழைப்பார். ஆகவே நகர அலுவலகச் சான்றில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதே வரிசையில், அதே எழுத்துகளில் கணக்கைத் திறப்பதே பின்னால் வரும் தொல்லையைக் குறைக்கும்.

அடையாளச் சரிபார்ப்பு அடுத்த படி. இணைய வங்கிகள் காணொளி அழைப்பில் கடவுச்சீட்டைக் காட்டச் சொல்கின்றன. ஆவணத்தைச் சாய்த்துக் காட்டும்போது ஒளிரும் பாதுகாப்பு அடையாளங்கள் திரையில் தெரிய வேண்டும் என்று பாஃபின் 2017இல் வெளியிட்ட சுற்றறிக்கை விதிப்பதால், எல்லா நாட்டுக் கடவுச்சீட்டும் இந்த முறையில் ஏற்கப்படுவதில்லை. நான் முயன்ற ஒரு வங்கியின் அழைப்பில் எதிர்முனையில் இருந்தவர் பத்து நிமிடம் என் கடவுச்சீட்டை மேலும் கீழும் சாய்க்கச் சொன்னார், விளக்கின் அடியில் பிடிக்கச் சொன்னார், கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழைப்பைத் துண்டித்தார். இப்படி நேர்ந்தால் மனம் தளர வேண்டியதில்லை. ‘போஸ்ட்இடென்ட்’ என்ற வழி இருக்கிறது. வங்கி தரும் தாளை அச்சிட்டுக்கொண்டு கடவுச்சீட்டோடு அஞ்சல் நிலையத்துக்குப் போனால், அங்கிருப்பவர் ஆவணத்தைக் கையில் வாங்கிப் பார்த்துப் பதிந்து அனுப்பிவிடுவார். அந்த ‘அஞ்சல் நிலையம்’ பல இடங்களில் சிகரெட்டும் செய்தித்தாளும் விற்கும் கடையின் ஒரு மூலைதான் என்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். கணக்கு திறக்கும் வங்கியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த அஞ்சல் வழி அங்கு உண்டா என்று பார்த்துக்கொள்வது, கட்டணத்தைப் பார்ப்பதைவிட முக்கியம்.

சரிபார்ப்பு முடிந்தாலும் அட்டை ஒரு கடிதத்தில், இரகசிய எண் இன்னொரு கடிதத்தில், வேறு வேறு நாளில் வரும். என் அட்டை வரவில்லை. இரண்டு வாரம் காத்திருந்த பிறகு, நான் மளிகை வாங்கும் யாழ்ப்பாணத்து அண்ணரிடம் புலம்பினேன். “தம்பி, உங்கட பேர் தபால் பெட்டியில ஒட்டியிருக்கோ?” என்று கேட்டார். ஒட்டவில்லை. ஜெர்மனியில் கட்டடத்துக்குத்தான் எண், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுவாகத் தனிக் கதவு எண் கிடையாது. பெட்டியில் பெயர் இருந்தால்தான் கடிதம் போடுவார்கள், இல்லாவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். அறையைப் பகிர்ந்து தங்கியிருந்த நான் என் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிய நான்காம் நாள் அட்டை வந்தது. தவறு வங்கியுடையது அல்ல.

மாணவர்கள் குழம்பும் ஓரிடத்தையும் சொல்லிவிட வேண்டும். விசாவுக்காக ஊரிலிருந்தே திறக்கும் ‘பிளாக்ட் அக்கவுண்ட்’ அன்றாடக் கணக்கு அல்ல. நான் வந்த ஆண்டில் அதில் 10,332 யூரோ கட்டி மாதம் 861 யூரோவாகப் பெற்றேன். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ, மாதம் 992 யூரோ. அந்த மாதத் தொகை வந்து விழுவதற்கே ஒரு ஷீரோகோன்டோ வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டிய பணம் நம்முடையதாகவே இருந்தும் நமக்குக் கிடைக்காது. அந்த அவசரத்தில்தான் நான் என் முதல் கணக்கைத் திறந்தேன். கல்லூரிக்கு அருகில் கிளை இருந்தது, ஆங்கிலம் பேசும் ஒருவர் அன்று பணியில் இருந்தார், அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வங்கியின் பெயர் வேண்டாம். மாதக் கட்டணம் தவிர, தாளில் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனியே பிடித்தார்கள். அந்த ஊழியர் அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாறிப் போனார், அதன் பிறகு எனக்கும் அந்தக் கிளைக்கும் பொதுமொழி இல்லை. எட்டு மாதம் வைத்திருந்தேன். ஆனாலும் அதைத் தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன்: வந்த பன்னிரண்டாம் நாள் கணக்கு இருந்தது, வாடகை போயிற்று.

இன்று புதிதாக வருகிறவர் என்னைக் கேட்டால் முதல் கணக்காக என்26 வங்கியைத்தான் சொல்வேன், அதுவும் முதல் ஓராண்டுக்கு மட்டும். பெர்லினில் 2013இல் தொடங்கி 2016இல் வங்கி உரிமம் பெற்ற நிறுவனம் இது. இதன் அடிப்படைக் கணக்குக்கு மாதக் கட்டணமும் இல்லை, மாத வரவு நிபந்தனையும் இல்லை, வயது வரம்பும் இல்லை. செயலி முழுவதும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது, கணக்கு எண் ஜெர்மனியின் ‘டி.இ.’ என்ற எழுத்துகளோடு தொடங்குகிறது, 1,00,000 யூரோ வரையிலான வைப்புக்கு ஜெர்மன் காப்புறுதி உண்டு. கைப்பேசிக்குள் இருக்கும் அட்டை இலவசம். கையில் பிடிக்கும் அட்டை வேண்டுமானால் அனுப்புவதற்கு ஒருமுறை 10 யூரோ. மாதத்தில் சில முறைக்கு மேல் ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு முறைக்கும் 2 யூரோ, யூரோ அல்லாத நாணயத்தில் எடுத்தால் 1.7 விழுக்காடு. ஊருக்குப் போகும்போது இந்த அட்டையை வைத்து அங்கே பணம் எடுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

முதல் ஓராண்டுக்கு மட்டும் என்று ஏன் சொன்னேன்? சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்களைத் தாமதமாகத் தெரிவித்ததற்காக பாஃபின் இந்த வங்கிக்கு 2021இல் 42.5 லட்சம் யூரோவும், 2024இல் 92 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. மாதத்துக்கு 50,000 புதிய வாடிக்கையாளர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2021இல் போட்ட கட்டுப்பாடு பிறகு சற்றுத் தளர்த்தப்பட்டு, 2024 ஜூனில்தான் முழுமையாக நீங்கியது. இவற்றால் வாடிக்கையாளரின் பணத்துக்கு ஆபத்து என்று பொருள் இல்லை. ஆனால் கண்காணிப்பு இறுகும்போது, வழக்கத்துக்கு மாறான ஒரு பெரிய தொகை வெளிநாட்டிலிருந்து வந்தால் எந்த வங்கியும் கேள்வி கேட்கும், பதில் வரும் வரை கணக்கை நிறுத்தியும் வைக்கும். அந்த நேரத்தில் போய் நிற்பதற்கு ஒரு கிளை இல்லாத வங்கியில் மொத்தச் சம்பளத்தையும் வைத்திருப்பது என் இயல்புக்கு ஒத்து வரவில்லை. மேலும் இந்த அட்டையில் இல்லாத ஒன்று உண்டு, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் அட்டை என்றால் இரண்டு வகை. விசா, மாஸ்டர்கார்டு முத்திரை கொண்ட டெபிட் அட்டை ஒன்று; இந்த நாட்டுக்கே உரிய ‘ஷீரோகார்டு’ மற்றொன்று. என்26 தராதது இதைத்தான். பழையவர்கள் இதை இன்னும் ‘இ.சி. கார்டு’ என்பார்கள். ரொட்டிக் கடையிலும், சிறு உணவகத்திலும், சில நகரங்களில் அரசு அலுவலகக் கட்டண இயந்திரத்திலும்கூட ‘இ.சி. மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதன் பொருள் விசா அட்டை செல்லாது என்பதே. வதிவிட அட்டைக்காகக் கட்டணம் செலுத்தப் போய், அட்டை செல்லாமல் வெளியே ஓடிப் பணம் எடுத்து வந்த நண்பர்கள் எனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஜெர்மன் மத்திய வங்கி 2023இல் எடுத்த கணக்கின்படி, இந்நாட்டில் மக்கள் செய்யும் கொடுக்கல்களில் 51 விழுக்காடு இன்னும் ரொக்கமாகவே நடக்கின்றன. பக்கத்து ஊரான ஹம்மில் உள்ள காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, தேநீர்க் கடையில் நான் கைப்பேசியை நீட்டினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தகர டப்பாவைத் தட்டிக் காட்டினார். ரொக்கம் இல்லாமல் வாழ்ந்துவிடலாம் என்று யூபிஐ பழக்கத்தில் வருகிறவர்கள் முதல் மாதமே திருந்திவிடுவார்கள்.

ஆகவே மலிவு என்பது, பணத்தை எங்கே எடுக்கலாம் என்பதோடு சேர்ந்தது. வேறு வங்கியின் இயந்திரத்தில் ஷீரோகார்டைச் செருகினால் அந்த இயந்திரத்தின் உரிமையாளர் தன் கட்டணத்தைத் திரையில் காட்டுவார். அவசரத்தில் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டு, 20 யூரோ எடுக்க 4.95 யூரோ கொடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டாய்ச்ச பாங்க், கொமெர்ட்ஸ்பாங்க், போஸ்ட்பாங்க், ஹிப்போஃபெரைன்ஸ்பாங்க் ஆகிய நான்கும் ஒரு கூட்டமைப்பு, ஒன்றின் அட்டைக்கு மற்றொன்றின் இயந்திரத்தில் கட்டணம் இல்லை. ஐ.என்.ஜி., டி.கே.பி. வாடிக்கையாளர்கள் விசா அட்டையால் பெரும்பாலான இயந்திரங்களில் இலவசமாக எடுக்கலாம், ஆனால் ஒரு முறைக்குக் குறைந்தது 50 யூரோ எடுக்க வேண்டும். மாதக் கடைசியில் இருபது யூரோவில் வாழும் மாணவனுக்கு அந்த 50 சின்ன எண் அல்ல. இதற்கு எளிய மாற்று, மளிகைக் கடையின் கல்லாவிலேயே பணம் வாங்கிக்கொள்வது. ரேவே, லிடில், ஆல்டி போன்ற கடைகளில் பொருள் வாங்கிவிட்டு அட்டையில் கூடுதலாக எழுதச் சொன்னால் 200 யூரோ வரை கையில் தருவார்கள். இதற்கும் ஷீரோகார்டு இருந்தால் எங்கும் சிக்கல் இல்லை. இந்த அட்டைக்கு இணைய வங்கிகள் இப்போது தனியாகக் கட்டணம் வாங்குகின்றன: நான் ஒப்பிட்டபோது டி.கே.பி.யில் மாதம் 0.99 யூரோ, ஐ.என்.ஜி.யில் 1.49 யூரோ. ‘இலவசக் கணக்கு’ என்ற பலகைக்குக் கீழே இந்தச் சிறு எழுத்தும் இருக்கிறது.

ஷ்பார்காசே பற்றி எல்லோரும் கேட்பார்கள், ஏனெனில் சிவப்பு நிறப் பலகை இல்லாத தெரு இங்கே குறைவு. அது ஒரே வங்கி அல்ல. ஏறத்தாழ 350 உள்ளூர் நிறுவனங்கள், பெரும்பாலும் நகராட்சிகளையும் மாவட்டங்களையும் சார்ந்தவை, ஒவ்வொன்றும் தன் கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ஆகவே ‘ஷ்பார்காசே மலிவா?’ என்ற கேள்விக்கு ஊர் பெயரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஏறத்தாழ 20,000 இயந்திரங்களில் இலவசமாகப் பணம் எடுக்கலாம், ஷீரோகார்டு உண்டு, தவறு நடந்தால் எதிரில் ஒரு மனிதர் இருப்பார். 1980களில் அகதியாக வந்த அந்த மளிகைக்கடை அண்ணர் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார், மாதக் கட்டணம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. ஜெர்மன் பேசத் தெரிந்து, கையில் ரொக்கம் நிறையப் புழங்குகிற தொழில் செய்கிறவருக்கு அதுவே சரி. எனக்கு அந்தத் தேவை இல்லை.

வேலை கிடைத்து மாதச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகு நான் ஐ.என்.ஜி.க்கு மாறினேன். வரவு நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது, ஷீரோகார்டுக்கான 1.49 யூரோவைத் தவிர வேறு செலவு இல்லை. உடனடிப் பணமாற்றம் நொடிகளில் போய்ச் சேர்கிறது. (இந்த உடனடிப் பணமாற்றத்துக்குச் சாதாரண மாற்றத்தைவிட அதிகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் விதித்தபின் எல்லா வங்கிகளிலும் இதே நிலைதான்.) குறை என்றால், ஒப்பந்தமும் கடிதங்களும் ஜெர்மனில் இருக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு படித்துவிடலாம். டி.கே.பி.யின் சிறப்பு வேறு. மாதம் 700 யூரோ வரும் வாடிக்கையாளருக்கு யூரோ அல்லாத நாடுகளிலும் அட்டைக்கு வங்கி தன் பங்குக்குக் கட்டணம் வாங்குவதில்லை, வராதவருக்கு 2.2 விழுக்காடு. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய் அங்கே அட்டையைத் தேய்க்கிறவருக்கு இந்த வேறுபாடு மாதக் கட்டணத்தைவிடப் பெரிது. இவை இரண்டும் ஒத்துவராதவர், வரவு நிபந்தனையே இல்லாமல் ஷீரோகார்டும் தரும் சி24 வங்கியைப் பார்க்கலாம். ஒரு நண்பருக்கு அங்குதான் திறந்து கொடுத்தேன்.

இந்த வங்கிகளில் சில, விண்ணப்பத்தை மறுக்கும்போது காரணம் சொல்வதில்லை. பெரும்பாலும் ‘ஷூஃபா’ என்னும் கடன்தகுதிப் பதிவேடுதான் பின்னணியில் இருக்கும். 1927இல் பெர்லினில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஏட்டில் நேற்று வந்திறங்கியவரைப் பற்றி நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஒன்றுமே இல்லாததைச் சில வங்கிகள் நல்லதாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் ஓராண்டு ஒரே முகவரியில் இருந்து, கைப்பேசி ஒப்பந்தத்துக்கு ஒழுங்காகப் பணம் கட்டிய பிறகு விண்ணப்பித்தால் அதே வங்கி ஏற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கதவும் மூடினாலும் ஒரு கதவு சட்டப்படி மூட முடியாதது. 2016 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் முறையாகத் தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும், புகலிடம் கோரியவருக்கும், நாடுகடத்தல் தள்ளிவைக்கப்பட்டவருக்கும்கூட, ‘பாஸிஸ்கோன்டோ’ என்ற அடிப்படைக் கணக்கைத் தர வங்கிகள் கடமைப்பட்டவை. விண்ணப்பத்துக்குப் பத்து வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சட்டம் குறிப்பிடும் சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம், மறுத்தால் பாஃபினிடம் முறையிடலாம். கடன்தகுதி சரியில்லை என்பது அந்தக் காரணங்களில் ஒன்று அல்ல. ஆனால் இந்த உரிமை மலிவானது என்று எண்ணிவிடக் கூடாது: கட்டணம் ‘பொருத்தமானதாக’ இருக்க வேண்டும் என்று மட்டுமே சட்டம் சொல்கிறது. டாய்ச்ச பாங்க் தன் அடிப்படைக் கணக்குக்கு வாங்கிய மாதம் 8.99 யூரோவை உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 30 அன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. எளிய மக்களுக்கான கணக்கு மற்றவர்களின் கணக்கைவிட விலை உயர்ந்திருப்பதில் உள்ள முரணுக்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. என்னிடம் கேட்டால், வேறு எதுவும் திறக்காதபோது எடுத்துக்கொண்டு, திறந்ததும் விட்டுவிட வேண்டிய கணக்கு இது.

வைஸ் என்னும் பணமாற்றச் சேவையை நம் மக்கள் வங்கியாகவே நினைக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வைஸ் எனக்கு மிகப் பயன்படுகிறது, ஏனெனில் சந்தையின் நடு விலையில் மாற்றி, கட்டணத்தைத் தனியாகக் காட்டுகிறது. வங்கிகளோ கட்டணத்தைக் குறைவாகக் காட்டிவிட்டு விலையில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் வைஸ் ஐரோப்பாவில் மின்பண நிறுவனம், வங்கி அல்ல, ஆகவே வைப்புக் காப்புறுதி கிடையாது. அதன் எண் பெல்ஜியத்தின் ‘பி.இ.’ எழுத்துகளோடு தொடங்குகிறது. ஐரோப்பிய எண் எதுவானாலும் சம்பளப் பிரிவோ காப்பீட்டு நிறுவனமோ ஏற்க வேண்டும் என்பது சட்டம், மறுப்பது விதிமீறல். இருந்தும், ‘டி.இ. எண் கொடுங்கள்’ என்று படிவமே சிவப்பு நிறத்தில் கத்துகிற இடங்கள் இருக்கின்றன. சட்டத்தை எடுத்துச் சொல்லி வெல்லலாம், ஆனால் முதல் மாதச் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் புதியவருக்கு அந்தப் போராட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள், வெளிநாட்டில் வசிப்பவராக ஆனதும் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும், வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை ஊரில் போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லாவிட்டாலும் ஜெர்மனியில் உண்டு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டு பொறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வரத் தொடங்கியதும் ‘டிஸ்போ’ என்ற மிகைப்பற்று வசதியை வங்கி தானாகவே நீட்டும். அதன் வட்டி பல வங்கிகளில் ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டும். செயலி காட்டும் ‘செலவழிக்கத்தக்க தொகை’யில் அந்தக் கடனும் கலந்திருப்பதை மறந்தவர்கள் பலர். இரண்டாவது, வாடிக்கையாளர் பேசாமல் இருந்தால் கட்டண உயர்வுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் தீர்ப்பளித்த பிறகு, வங்கிகள் செயலியில் ஒரு பெட்டியைக் காட்டிச் சம்மதம் கேட்கின்றன. மொழி புரியாத நாம் பொத்தானை அழுத்தி அதைக் கடந்து போய்விடுகிறோம். அந்தப் பெட்டியை மட்டும் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும். மறுத்தால் இரண்டு மாத முன்னறிவிப்போடு கணக்கை முடித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டு, அந்த இரண்டு மாதம் வேறிடம் தேடப் போதுமானது.

மாறுவதும் கடினமல்ல. புதிய வங்கியில் மாற்றப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால், பழைய வங்கி கடந்த 13 மாதத்துப் பிடித்தங்களின் பட்டியலை அனுப்ப வேண்டும்; இது 2016 முதல் இரு வங்கிகளுக்கும் சட்டக் கடமை. வாடகை, காப்பீடு, மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் எல்லாம் எனக்கு அப்படியே இடம் மாறின. உடற்பயிற்சிக் கூடம் மட்டும் பழைய எண்ணில் பிடிக்கப் பார்த்து, பணம் திரும்பி, எனக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்பியது. அதனால் பழைய கணக்கை இரண்டு மாதம் சிறு இருப்போடு திறந்து வைத்திருந்து மூடுவது நல்லது. கணக்கை மூடக் கட்டணம் இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை வங்கி, தான் வாங்கிய கட்டணங்களின் மொத்தக் கணக்கைத் தர வேண்டும். முதல் வங்கியில் எட்டு மாதத்துக்கு எனக்கு வந்த அந்தத் தாளில் மொத்தம் 71 யூரோ 40 சென்ட். சென்ற ஜனவரியில் வந்த தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஷீரோகார்டு, பன்னிரண்டு மாதம், 17 யூரோ 88 சென்ட்.